கிணற்றில் உப்பு ஏறுவது ஏன்?

கேள்வி: உலகம் சூடாகிக் கடல் உயர்வதால்தான் காட்டுப்பள்ளி, மீஞ்சூர் பக்கம் கிணற்று நீர் உப்பாகிறதா? வயலுக்கு ஜிப்சம் போடலாமா? (வாசகர், காட்டுப்பள்ளி)

பதில்: கடல் உயர்வது உண்மை. பூமியில் கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போகிறது. சூடான நீர் விரிகிறது, பனிப்பாறைகளும் உருகுகின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தது.

ஆனால் மீஞ்சூரில் 1960களின் இறுதியிலேயே உப்பு தெரிந்துவிட்டது. முதல் காரணம், சென்னைக் குடிநீருக்கும் பாசனத்துக்கும் மழை ஊறுவதைவிட அதிகம் இறைத்தது. நிலத்தடி நன்னீர் லேசானது. உவர்நீரின் மேல் மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் அது 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பைத் தள்ளி வைக்கும். மேலே 1 மீட்டர் இறங்கினால், கீழே உப்பு சுமார் 40 மீட்டர் ஏறிவரும். உயரும் கடல் இதை இன்னும் மோசமாக்கும்.

ஆகவே போரை மேலும் ஆழமாக்காதீர்கள். பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரைத் தேக்குங்கள்.

ஜிப்சம் களர் நிலத்துக்கு உரியது. உவர் நிலத்தில் மழைநீரைத் தேக்கி வடித்தால்தான் உப்பு கரைந்து போகும். எது என்று மண், நீர் பரிசோதனை சொல்லும். அதன் பிறகு செலவு செய்யுங்கள். தக்கைப்பூண்டை மடக்கி உழுது, உப்பைத் தாங்கும் கோ 43 நெல்லை நடலாம்.