ஒன்பது நிறங்களும் ஓர் எழுதாச் சட்டமும்

இரயில்வே இலாகாவில் எழுதி வைக்கப்படாத விதி ஒன்றுகூட இராது என்று வெளியிலுள்ள அன்பர்கள் எண்ணுவதுண்டு. அவர்கள் எண்ணம் பெரும்பாலும் சரியே. பாஸ் பெறுவதற்கு 1986-ஆம் ஆண்டின் விதிகள், நடத்தைக்கு 1966-ஆம் ஆண்டின் விதிகள், தண்டனைக்கும் மேல்முறையீட்டுக்கும் 1968-ஆம் ஆண்டின் விதிகள் என ஒவ்வொன்றும் அச்சேறி, அட்டை கட்டப்பெற்று, அலமாரியில் வீற்றிருக்கிறது. உடுப்பைப் பற்றியும் எழுத்து உண்டு. ஏழாவது ஊதியக் குழுவின் அறிக்கையை ஒட்டி 2017-இல் பழைய சீருடைப் படிகள் பலவும் ஒன்றாக்கப்பட்டபோது, ஆண்டுக்கு நிலைய அதிபருக்கு 10,000 ரூபாயும், தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளிக்கு 5,000 ரூபாயும் உடைப்படி என வகுக்கப்பட்டது.

மேசை முன் அமர்ந்து கோப்புப் புரட்டும் எழுத்தர்களாகிய நமக்கோ சீருடையும் இல்லை, உடைப்படியும் இல்லை. இன்ன நிறத்தில் சட்டை போடு, இன்ன விதமாகச் சேலை உடுத்து என்று எந்தச் சுற்றறிக்கையும் நமக்கு வந்ததில்லை. அப்படியாயின் நாம் விரும்பியதை உடுத்தும் சுதந்திரம் பெற்றவர்கள் அல்லவா? அதுதான் இல்லை. அலமாரியில் இல்லாத சட்டம் ஒன்று நம் அலுவலகங்களில் நடமாடுகிறது. அதற்கு எண்ணும் இல்லை, தேதியும் இல்லை, கையொப்பமும் இல்லை. ஆனால் 1966-ஆம் ஆண்டு விதிகளுக்கு அஞ்சாதவரும் அதற்கு அஞ்சுகின்றனர்.

அந்தச் சட்டத்தைக் கற்பிக்கும் முறையே தனி. புதிதாக வேலைக்கு வரும் இளைஞன் ஒருவன் முதல் வாரத்தில் செருப்புடன் வருகிறான். யாரும் அவனைக் கண்டிப்பதில்லை. ஒருவர் அவன் காலைப் பார்க்கிறார். பிறகு அவன் முகத்தைப் பார்க்கிறார். இன்னொருவர், "என்ன தம்பி, கடற்கரைக்கா?" என்று சிரிக்கிறார். அடுத்த திங்கட்கிழமை அவன் காலில் பூட்ஸ் ஏறிவிடுகிறது. ஒரு பார்வை, ஒரு சிரிப்பு, சிறிது மௌனம்: இம்மூன்றும்தான் அந்தச் சட்டத்தின் காவலர்கள்.

எழுதிய விதி எவ்வளவு கடுமையானதாயினும் அதனோடு வாதாட இடமுண்டு. 2020 டிசம்பரில் மகாராஷ்டிர அரசு தன் ஊழியர்கள் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் அணிந்து அலுவலகம் வரலாகாது என்றும், வெள்ளிக்கிழமைகளில் கதர் அணிவது நன்று என்றும் சுற்றறிக்கை விடுத்தது. அதனை ஆதரித்தவரும் உண்டு, எதிர்த்தவரும் உண்டு. எதிர்ப்பதற்குக் கையில் ஒரு காகிதமேனும் இருந்தது. எழுதாச் சட்டத்தை எதிர்த்து யாரிடம் மனுக் கொடுப்பது? கேட்டால், "நாங்கள் ஒன்றும் சொல்லவில்லையே!" என்பார்கள். அது உண்மையும்கூட. அதனாலேயே அது வலிமை மிக்கது.

பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு இச்சட்டம் இரட்டைப் பாரம். பம்பாயில் 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்திய எழுத்தர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது, 'லுங்கி' என்னும் ஒரு சொல்லே நம்மை ஏசப் போதுமானதாக இருந்தது. வேட்டி வேறு, லுங்கி வேறு என்று விளக்க அன்று அவகாசம் இல்லை. நம் பெரியவர்கள் பலர் வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தனர். கோயிலுக்கும் கலியாணத்துக்கும் மட்டும் எடுத்தனர். அந்தக் காலம் போயிற்று. இன்று நம்மை அடுத்த மேசையில் இருப்பவர் அன்புடன் பொங்கல் வாழ்த்துக் கூறுகிறார். ஆயினும் பெட்டிக்குள் போன வேட்டி அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. எவரும் தடுக்கவில்லை என்பதும் மெய். எவரும் உடுத்தவில்லை என்பதும் மெய்.

தாய்நாட்டிலேயே வேட்டிக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு மன்றத்தில் நடந்த விழாவுக்கு வேட்டி உடுத்திச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டியோ பிற இந்திய மரபுடையோ அணிந்தவரைப் பொது இடத்தில் தடுப்போருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்பது அதன் சாரம். நல்லதே. ஆனால் அச்சட்டம் வாயிற்காவலனைத் தடுக்கும். அடுத்த மேசையின் சிரிப்பைத் தடுக்குமா? அன்றியும், தமிழக எல்லையைத் தாண்டி அது நம்முடன் இரயிலேறி வருவதில்லை.

இனி நாம் வாழும் மும்பையின் ஒன்பது நிறங்களுக்கு வருவோம். நவராத்திரி தொடங்கிவிட்டால் புறநகர் இரயிலின் மகளிர் பெட்டி ஒவ்வொரு நாளும் ஒரே நிறமாகக் காட்சி தருவதை அறியாதார் இல்லை. திங்களுக்கு வெள்ளை, செவ்வாய்க்குச் சிவப்பு, புதனுக்கு நீலம், வியாழனுக்கு மஞ்சள், வெள்ளிக்குப் பச்சை, சனிக்குச் சாம்பல், ஞாயிறுக்கு ஆரஞ்சு. எஞ்சிய இரு நாட்களுக்கு இளஞ்சிவப்பு, ஊதா, மயிற்பச்சை இவற்றுள் இரண்டு. இது புராணம் வகுத்த முறை என்று பலர் நம்புகின்றனர். இன்று நாம் காணும் இந்தப் பழக்கம் 2000-களின் தொடக்க ஆண்டுகளில் ஒரு மராத்தி நாளிதழின் பக்கங்கள் வழியே பரவியதாகும். நிறப் பட்டியலை வெளியிட்டு, அந்த நிறத்தில் உடுத்திய மகளிரின் படங்களை அச்சிட்டது அப்பத்திரிகை. அலுவலகங்கள் அதனைப் பற்றிக்கொண்டன.

இதில் அழகு இல்லை என்று நாம் கூறமாட்டோம். மேலதிகாரியும் தட்டச்சரும் ஒரே மஞ்சளில் நிற்கும்போது பதவியின் ஏணி சற்றே மறைகிறது. ஊர் புதிது, மொழி புதிது என்று ஒதுங்கியிருந்த நம் வீட்டுப் பெண்கள், ஒரு பச்சைச் சேலையின் துணையால் இரயிலில் பேச்சுத் துணை பெற்றதை நாம் கேட்டிருக்கிறோம். கொலு வைத்துச் சுண்டல் கொடுத்து அண்டை வீட்டாரை அழைக்கும் நமக்கு, இந்தக் கூடிமகிழும் சுவை புரியாததன்று.

ஆனால் விருப்பம் எந்த நாளில் கட்டாயம் ஆயிற்று என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை. நம் அலுவலகத்தில் முதலில் நாலைந்து பேர் உடுத்தினார்கள். பிறகு எல்லாரும் உடுத்தினார்கள். பிறகு உடுத்தாதவரை நோக்கிக் கேள்வி எழுந்தது. ஒரு சகோதரி சென்ற ஆண்டில் தாயை இழந்தவர். ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது அவர் வீட்டு வழக்கம். "ஏன் இன்று பச்சை இல்லை?" என்று காலை பத்து மணிக்குள் ஆறு பேர் கேட்டுவிட்டனர். ஆறு முறையும் தம் துக்கத்தை அவர் விளக்க வேண்டியதாயிற்று. கேட்டவர் எவரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. கேள்வி மட்டும் முள்ளாகத் தைத்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பவர், தாராவியில் வசிக்கும் நம்மூர் அக்கா ஒருவர், ஒப்பந்தக்காரரின் ஆள். சேலைமேல் நீல நிறக் கோட்டுப் போட்டுக்கொள்வது அவருடைய வேலை விதி. நீல நிறத்து நாளன்று எல்லாரும் படிக்கட்டில் வரிசையாக நின்று, கைப்பேசியை அவர் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். அன்று அலுவலகத்தில் செலவின்றி, தேடலின்றி, விதிப்படியே நீலம் அணிந்திருந்தவர் அவர் ஒருவரே. அவரை வரிசைக்கு அழைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "நீங்களும் நின்றிருக்கலாமே அக்கா" என்று நாம் பிற்பகலில் சொன்னபோது, "எனக்கெதுக்கு சார் அது? எல்லாரும் நின்னுட்டா படம் எடுக்க ஆள் வேணாமா?" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு சேலை 500 ரூபாய் என்று மலிவாகவே கணக்கிட்டாலும், இல்லாத ஒன்பது நிறத்துக்கு 4,500 ரூபாய் ஆகிறது. நிரந்தர ஊழியருக்கு அது பண்டிகைச் செலவு. ஒப்பந்தக் கூலிக்கு அது வீட்டு வாடகையில் ஒரு பங்கு. ஒற்றுமைக்காக எழுந்த வழக்கம், யார் நம்மில் ஒருவர், யார் அல்லர் என்று பிரித்துக் காட்டும் வழக்கமாக மாறுவது இப்படித்தான்.

அப்படியாயின் எதற்கு இணங்குவது, எதற்கு இணங்காதிருப்பது? இதற்குக் காந்தியடிகளின் வாழ்க்கையில் நல்ல விளக்கம் உண்டு. 1893-இல் டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையை எடுக்கும்படி நீதிபதி சொன்னபோது, அவர் மறுத்து வெளியேறினார். மறு ஆண்டில் நேட்டால் உச்சநீதிமன்றத்தில் வழக்கறிஞராக உறுதிமொழி எடுத்தபோது, தலைமை நீதிபதி அதையே கேட்டார், அப்போது எடுத்துவிட்டார். நண்பர்கள் வருந்தினர். பெரிய போர்களுக்குத் தம் வலிமையைச் சேமிக்க வேண்டும் என்பது அவர் கொண்ட நியாயம். அதன்பின் சில மாதங்களில் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளியிடம் அடிபட்டு, பல் உடைந்து, வாயில் இரத்தம் வழிய, தலைத்துணியைக் கையில் ஏந்தி அவர்முன் வந்து நின்றார். வெள்ளையரைக் காணும்போது தலைத்துணியை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே தொழிலாளர்மீது சுமத்தப்பட்டிருந்த வழக்கம். அதனை மீண்டும் கட்டிக்கொள்ளும்படி காந்தியடிகள் முதலில் சொன்னார். பிறகே வழக்கைக் கேட்டார்.

தம் தலைப்பாகையை விட்டுக்கொடுத்தவர், பாலசுந்தரத்தின் தலைத்துணியை விட்டுக்கொடுக்கவில்லை. நமக்கு மட்டும் சிறு அசௌகரியம் என்றால் இணங்கலாம். பிறர் ஒருவர் தாழ்த்தப்படுகிறார் என்றால் இணங்கலாகாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம். 1921 செப்டம்பர் 22 அன்று அவர் மதுரையில் அரைத்துணி உடுத்தியபோதுகூட, மற்றவர் தம்மைப் பின்பற்றி அவ்வாறே உடுத்த வேண்டுமென்று கேட்கவில்லை என்பதையும் நினைவில் கொள்க.

ஆகவே நாம் அலுவலகத்துச் சகோதர சகோதரிகளுக்குச் சொல்வது சிறிதே. நிறம் உடுத்த விரும்புவோர் மகிழ்ந்து உடுத்துக. உடுத்தாதவரை ஏன் என்று கேளாதிருக்க. படத்துக்கு நிற்கும்போது, துடைப்பமும் தேநீர்த் தட்டும் ஏந்திய கைகளையும் அழைக்க. படம் எடுக்கும் வேலையை முறை வைத்துக்கொள்க. உடுத்த இயலாதவர் பொய்க் காரணம் தேட வேண்டாம். "இன்று இல்லை" என்று புன்னகையுடன் சொன்னால் போதும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழி தூய்மையைத்தான் கேட்கிறது, நிறத்தைக் கேட்கவில்லை.

அலுவலகத்துக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும். நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பட்டுச் சேலைகளும் சரிகை வேட்டிகளும் முன்வரிசை நிறைய அமர்வதும், இரவுப் பணி முடித்து நேரே வரும் இளைஞர்கள் தொழிற்சாலைச் சட்டையுடன் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, பொங்கல்கூட உண்ணாமல் போவதும் ஆண்டுதோறும் நடப்பவை. அவர்களை எவரும் போகச் சொல்லவில்லை. அங்கேயும் அந்த எழுதாச் சட்டமே வேலை செய்கிறது.

எழுதாச் சட்டத்தை வெல்ல எழுத்தே வழி. வரும் பொங்கல் அழைப்பிதழில், விழா நேரத்துக்கும் இடத்துக்கும் கீழே, "எவ்வுடையில் இருக்கிறீர்களோ அவ்வுடையிலேயே வருக" என்று ஒரு வரி அச்சிடும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். முன்வரிசையில் பத்து நாற்காலிகளைப் பணியிலிருந்து நேரே வருவோருக்கென ஒதுக்கி வைத்தால் இன்னும் நன்று.