‘தாயும் சேயும் நலம்’, அப்புறம்?

ஆம்புலன்ஸில் பிரசவம் என்றால் நம் நாளிதழ்களுக்கு ஒரே அச்சுதான். ‘வலியால் துடித்த பெண்’, ‘சமயோசிதமாகச் செயல்பட்ட ஊழியர்கள்’, ‘குவியும் பாராட்டு’. கடைசி வரி எப்போதும் ‘தாயும் சேயும் நலம்’. அஞ்செட்டி, தளி, பர்கூர் என்று ஊர்ப்பெயர் மட்டும் மாறும். ஓசூரில் இருந்துகொண்டு வருடக்கணக்காக இதைப் படிக்கும் எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது. பிள்ளை பிழைத்ததில் எனக்கென்ன வருத்தம்? அந்த ஒரு வரி இரண்டு உண்மைகளைப் போர்த்தி மூடிவிடுகிறதே, அதுதான் வருத்தம். வண்டிக்குள் நடந்தது தேர்ந்த மருத்துவ வேலை. அது ரோட்டோரத்தில் நடக்க நேர்ந்தது நம் எல்லோருடைய தோல்வி.

முதலில் வேலையைப் பார்ப்போம். 2012 பொங்கலுக்கு வந்த ‘நண்பன்’ படத்தில் வேக்குவம் கிளீனரை வைத்து ஹீரோ பிரசவம் பார்ப்பார். தியேட்டரில் விசில் பறந்தது. கொஞ்சம் மூளை, கொஞ்சம் தைரியம் இருந்தால் யாரும் பிள்ளையை வெளியே எடுத்துவிடலாம் என்ற நினைப்பு நமக்குள் அப்படியே தங்கிவிட்டது.

108 வண்டியில் இருப்பது இரண்டே பேர். ‘பைலட்’ என்று அழைக்கப்படும் ஓட்டுநர், மருத்துவ உதவியாளர். எத்தனையாவது பிரசவம், வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, பனிக்குடம் உடைந்ததா என்று உதவியாளர் கேட்க வேண்டும். தலை தெரியவில்லையென்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பயணத்தைத் தொடரலாம். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். வலியோடு தலை தெரிந்துவிட்டால், “அண்ணா, ஓரங்கட்டுங்க.” அந்த இரண்டு சொல்தான் முக்கியமான மருத்துவ முடிவு. வளைவுச் சாலையில் ஓடும் வண்டியில் குழந்தையை ஏந்த முடியாது.

அப்புறமும் எதையும் இழுக்கக் கூடாது. தலை வேகமாக வந்து கிழித்துவிடாமல் கையால் தாங்க வேண்டும். கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா பார்க்க வேண்டும். குழந்தையைத் துடைத்து அம்மாவின் மார்பில் போட்டு மூட வேண்டும். மூச்சு விடவில்லையென்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆம்பு பையால் காற்று கொடுக்க வேண்டும். நன்றாக அழுகிற குழந்தைக்குத் தொப்புள்கொடியை வெட்ட அவசரமே கூடாது. நஞ்சு விழுந்த பிறகு கர்ப்பப்பை கல்போல இறுகியதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் கதை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். தாயைக் கொல்லும் ரத்தப்போக்கு அதற்குப் பிறகுதான் வரும்.

இத்தனையையும் எந்த மொழியில் சொல்வது? தளிப் பக்கம் கன்னடம், தெலுங்கு. சிப்காட் லைன் வீடுகளில் இந்தி, ஒடியா. ‘இப்ப முக்காதீங்க’ என்பது புரியாமல் போனால் அதுவே ஆபத்து. இவ்வளவுக்கும் இவர்களுக்குக் கிடைப்பது சுமார் 50 நாள் பயிற்சி, 12 மணி நேர ஷிப்ட். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தச் சேவைக்கு அரசு பணம் தருகிறது, நடத்துவது தனியார். ஆகவே இவர்கள் அரசு ஊழியர்கள் கிடையாது. ‘தெய்வம்’ என்று கும்பிடுகிறோம். எட்டு மணி நேர வேலை கேட்டால் நமக்குக் காது கேட்பதில்லை.

“அந்தக் காலத்துல வீட்டுலயே பெத்துக்கலையா?” என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 2023 ஆகஸ்டில் இதே மாவட்டத்தில், போச்சம்பள்ளிப் பக்கம், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததாகச் சொல்லப்பட்ட சம்பவத்தில் ஓர் இளம்பெண் இறந்துபோனார். அந்தக் காலத்தில் பெற்றவர்களைத்தான் நாம் எண்ணுகிறோம். செத்தவர்களை எண்ணுவதில்லை.

இனி தோல்வி. தாய்மார் சாவுக்கு மூன்று தாமதங்களைக் காரணம் காட்டி 1994இல் தடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள்: கிளம்ப முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதில் நாம் மயங்கிக் கிடக்கிறோம். பெட்டமுகிலாளம் மலைக்காரிக்கு இரண்டாவது தாமதம் இன்னும் யானை நடமாடும் காட்டுப்பாதைதான். கீழே இறங்கினால் மூன்றாவது காத்திருக்கிறது: அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து ஓசூர், அப்புறம் கிருஷ்ணகிரி அல்லது தர்மபுரி. கார் வைத்திருப்பவர் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் பெற்றுக்கொள்வார்.

மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில் தேதி நெருங்கியவர்கள் முன்கூட்டியே வந்து தங்கும் பிரசவக் காத்திருப்பு அறைகள் என்ற திட்டம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளையையும் ஆட்டையும் விட்டுவிட்டு ஒருத்தி எப்படி வந்து தங்குவாள்? துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்தால்தான் அந்த அறை நிறையும்.

நிருபர் நண்பர்களே, பாராட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே நான்கு கேள்வி கேளுங்கள். போன் எத்தனை மணிக்குப் போனது, வண்டி எத்தனை மணிக்கு வந்தது? எத்தனை மருத்துவமனைகள் அவளை மேலே அனுப்பின? ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் குளிரில் வைக்க வேண்டிய மருந்து. வெயிலில் நின்ற அந்த வண்டியில் அது குளிரில்தான் இருந்ததா? அன்றைக்கு அந்த உதவியாளருக்கு அது எத்தனையாவது மணி நேர வேலை? நாலு வரிச் செய்தி எட்டு வரியாகும். ஆகட்டுமே.