குப்பை தெரிகிறது, மனிதர் தெரிகிறாரா?



2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்கு எதிரே தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் குப்பை அள்ளும் பணி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டதுதான் காரணம். பல ஆண்டுகள் தற்காலிகமாகவே வேலை பார்த்தவர்கள் அவர்கள். பலர் பெண்கள். 13 நாள்கள் கழித்து, ஆகஸ்டு 13ஆம் நாள் நள்ளிரவில், உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் காவல்துறை அவர்களை அங்கிருந்து அகற்றியது. மறுநாளே அவர்களுக்கு இலவச உணவு உள்ளிட்ட நலத்திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. உணவு கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் அவர்கள் கேட்டது உணவு அல்ல, வேலைக்கு ஓர் உறுதி. தனியாரிடம் கொடுத்தால் செலவு குறையும் என்கிறார்கள். அந்தக் குறைவு யாருடைய சம்பளத்திலிருந்து வருகிறது என்று யாரும் விளக்குவதில்லை.

அந்த நாள்களில் தெருவில் குவிந்த குப்பை எல்லார் கண்ணுக்கும் பட்டது. அதை நாள்தோறும் அள்ளிக்கொண்டிருந்தவர்கள், அள்ளுவதை நிறுத்திய பிறகுதான் கண்ணுக்குப் பட்டார்கள்.

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் குருவும் பார்க்கிறார், லேவியரும் பார்க்கிறார். பார்வைக் குறைவு யாருக்கும் இல்லை. வழியில் கிடப்பவர் அவர்களுக்கு ஓர் இடைஞ்சலாகத் தெரிகிறார், சமாரியருக்கு மட்டும் மனிதராகத் தெரிகிறார். 7ஆம் அதிகாரத்திலும் பரிசேயர் சீமோனின் வீட்டில் இதே சிக்கல்தான். பந்தி நடுவே அழுதுகொண்டிருந்த பெண்ணைச் சீமோனும் பார்த்தார். அவர் கண்டது அந்தப் பெண்ணின் பழைய கதையை. ஆண்டவர் கண்டது பெண்ணை. நம் வீட்டு வாசலில் வந்து விசில் ஊதுகிறவரை நாம் எப்படிக் காண்கிறோம்? 'குப்பைக்காரர் வந்துவிட்டார்' என்று உள்ளே குரல் கொடுக்கிறோம். குப்பை நம்முடையது, பட்டம் அவருக்கு!

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016ஆம் ஆண்டிலேயே ஒவ்வொரு வீடும் குப்பையை மட்கும் குப்பை, மட்காத குப்பை, தீங்கு தரும் வீட்டுக் குப்பை எனத் தனித்தனியே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டன. பயன்படுத்திய நாப்கின்களைத் தனியே சுற்றித் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. இதைச் சுற்றுச்சூழல் பாடமாக நம் பிள்ளைகள் பள்ளியில் படித்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். வீட்டிலோ நேற்றைய சாம்பாரும், உடைந்த கண்ணாடி டம்ளரும், பாட்டிக்குப் போட்ட இன்சுலின் ஊசியும் ஒரே பைக்குள் போய் முடிச்சுப் போடப்படுகின்றன. அந்த முடிச்சை ஒருவர் அவிழ்க்க வேண்டும். பெரும்பாலும் வெறும் கையால். ஆகவே பிரித்துக் கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய விரல்களைப் பற்றிய கேள்வி.

பிரிக்காமல் போகும் குப்பைக்கும் ஒரு முகவரி உண்டு. சென்னையில் அது பல்லாண்டுகளாகக் கொடுங்கையூரும் பெருங்குடியுமாக இருந்து வந்திருக்கிறது. மலைபோல் குவிந்த குப்பைக்குள் காற்று புகாமல் உணவுக் கழிவு அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. பூமியைச் சூடாக்கும் வாயு அது, எளிதில் தீப்பிடிப்பதும்கூட. தீப்பிடித்தால் அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் பக்கத்தில் குடியிருக்கும் ஏழைகள்தாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் பிரிக்காமல் ஒன்றாகக் கேட்கச் சொன்னார். நம் பங்குகளில் அத்திருமடல் மரக்கன்று நடுவதாகவும், நட்டதைப் படம் எடுப்பதாகவும் சுருங்கிவிட்டது. மரம் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் பங்குத் திருவிழாவில் தேர்பவனி முடிந்து அசன விருந்தும் முடிந்த மறுநாள் காலையில் ஆலய வளாகத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் கப்புகள் அங்கே இன்னும் உருள்கின்றன. அதிகாலையில் அவற்றைக் குனிந்து பொறுக்குபவரின் பெயர் நன்றியுரையில் வருவதில்லை. பந்தல்காரர் பெயர் வருகிறது, ஒலிபெருக்கிக்காரர் பெயரும் வருகிறது.

இதைவிடக் கடினமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கழிவுநீர்த் தொட்டியைப் பற்றியது. பங்கு இல்லங்கள், பள்ளிகள், விடுதிகள், கன்னியர் மடங்கள், திருமண மண்டபங்கள் என எல்லாவற்றிலும் தொட்டி இருக்கிறது. அது நிரம்பினால் யாரை அழைக்கிறோம்? மூடிய தொட்டிக்குள் ஐதரசன் சல்பைடு என்னும் நச்சு வாயு தேங்கி நிற்கும். குறைந்த அளவில் அது அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்து இல்லை என்று இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுவார். ஒரே தொட்டியில் இருவர், மூவர் இறந்தார்கள் என்று அடிக்கடி வாசிக்கிறோமே, அது இப்படித்தான் நடக்கிறது.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள்ளோ பாதாளச் சாக்கடைக்குள்ளோ இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது ஒப்பந்தக்காரருக்கு மட்டுமல்ல, அழைத்த வீட்டுக்காரருக்கும் நிறுவனத்துக்கும் பொருந்தும். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை கூடியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. உரிமம் பெற்ற கழிவுநீர் லாரி வந்து குழாய் மூலம் உறிஞ்சி எடுக்கக் கொஞ்சம் அதிகம் கேட்பார்கள். 'ஆளை இறக்கினால் அடிவண்டலையும் சுத்தமாக எடுத்துவிடுவான்' என்று சொல்லும் நல்ல கத்தோலிக்கர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த 'ஆன்' என்ற விகுதியைக் கவனியுங்கள்.

அந்த விகுதி எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிப் பணியில் இருப்போரை நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, 2024இல் வெளிவந்த தகவலின்படி, பதிவான ஏறத்தாழ 38,000 பேரில் சுமார் 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். வேலைக்கு ஆள் எடுப்பது தகுதியைப் பார்த்தல்ல, பிறப்பைப் பார்த்து என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. துப்புரவுப் பணியாளர் என்பது தூய்மைப் பணியாளர் என்று மாறிவிட்டது. பெயர் மாற்றத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் கண் மாறாமல் பெயர் மட்டும் மாறினால், புதுப் பெயரையும் பழைய தொனியிலேயே சொல்லப் பழகிவிடுவோம்.

திருஅவைக்குள்ளும் இதே கண்தான். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் அந்தச் சாதிச் சான்றிதழுக்கு உரிமை இல்லை. சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் அந்த வாசல் திறந்தது. நமக்கு இன்னும் திறக்கவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு 10ஆம் நாளைக் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து அரசிடம் நீதி கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கறுப்புப் பட்டையை அணிந்து நிற்கும் பங்குகளில் சிலவற்றில் கல்லறைத் தோட்டம் இரண்டு பகுதியாக இருக்கிறது. நடுவே சுவரோ, சுவர் இல்லாத இடத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கோடோ இருக்கிறது. நவம்பர் 2ஆம் நாளுக்கு முன் இரு பக்கத்துப் புல்லையும் செத்தித் துப்புரவு செய்பவர்கள் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள். மந்திரிக்கச் செல்லும் குருவுக்குத்தான், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று முந்தின நாளே பங்குப் பேரவையில் யாராவது சொல்லிவிடுகிறார்கள்.