தோற்றவனுக்குச் சொல்ல வேண்டிய காரணம்

ஒருவரையொருவர் நேரில் கண்டறியாத இருவர், ஒருவர் டெட்ராய்ட்டிலும் மற்றவர் மான்செஸ்டரிலும் இருந்துகொண்டு, குறித்த நாளுக்குள் ஆளுக்குப் பதினாறு வரிகள் எழுதி, அவற்றில் எதிராளியின் புனைபெயரையும் நடையையும் பழைய தோல்விகளையும் கூசாமல் பரிகசித்து, அவ்வரிகளை இணையத்தில் பலர் காண வைத்துவிட்டு, முன்பின் அறியாத மூன்றாமவர்களின் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் ஒரு போட்டிமுறை ஆங்கில ராப் உலகில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. இதற்கு ‘டெக்ஸ்ட் பேட்டில்’ என்று பெயர். தாளம் இல்லை, குரல் இல்லை, மேடையும் இல்லை. இப்போட்டிகளில் எழுதுகிறவர்களைப் பற்றி அவ்வப்போது பேச்சு எழுவதுண்டு. தீர்ப்பளிப்பவர்களைப் பற்றிப் பேசுவோர் அரியர். எனக்கோ இவ்விஷயத்தில் திடமான ஓர் அபிப்பிராயம் உண்டு. தோற்றவன் எதனால் தோற்றான் என்பதை, இன்ன வரி என்று சுட்டி எழுதித் தராத தீர்ப்பு எதுவும் கணக்கில் சேரக்கூடாது.

ராப் போட்டி பிறந்தபோது நடுவர் என்று ஒருவர் இருந்ததில்லை. நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்டு 11 அன்று கூல் ஹெர்க் என்பவர் தம் தங்கைக்காக இசைத்தட்டுகளைச் சுழற்றிய அந்த விருந்திலிருந்து இக்கலையின் வரலாற்றைத் தொடங்குவது சம்பிரதாயம். அதற்குப் பின் பல ஆண்டுகள் வரை, எவருடைய வரிக்குச் சபை உரக்கக் கூவியதோ அவரே வென்றவர். 1981 டிசம்பரில் ‘ஹார்லெம் வேர்ல்டு’ என்னும் அரங்கில், கூட்டத்தைக் குதூகலப்படுத்துவதில் நிகரற்றவர் என்று பெயர் பெற்றிருந்த பிஸி பீயை, கூல் மோ டீ என்னும் இளைஞர் மேடையேறி, பெயர் சொல்லி, நெருக்கமான இயைபுகளால் கோத்த வரிகளால் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கினார். அந்த இரவின் ஒலிநாடா கைக்குக் கை மாறிப் பரவியது. அரங்கில் இல்லாதவர்களும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, சொல்லை மட்டும் எடைபோட்டுப் பேசலானார்கள். சபையின் ஆரவாரம் வேறு, சொல்லின் தகுதி வேறு என்ற பேதம் இக்கலைக்குள் புகுந்த சந்தர்ப்பங்களில் முக்கியமானது இதுவென்றே நான் கருதுகிறேன்.

பின்னர் மதிப்பெண் அட்டையோடு நடுவர்கள் வந்தார்கள். அவர்களோடு அநியாயமும் வந்தது. 1985-இல் நியூயார்க்கில் நடந்த ‘நியூ மியூசிக் செமினார்’ போட்டியின் இறுதிச் சுற்றில், அதே பிஸி பீயை எதிர்த்து நின்றவர் ராக்ஸேன் ஷாண்டே என்னும் பதினைந்து வயதுச் சிறுமி. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஒரு பதில் பாட்டினால் நகரம் முழுதும் அறியப்பட்டவர். அவர் தோற்றார். நடுவர்களில் ஒருவர் வேண்டுமென்றே மிகக் குறைந்த மதிப்பெண் இட்டார் என்றும், ஒரு சிறுமியின் தலையில் இக்கலையின் மகுடத்தைச் சூட்ட மனமில்லாததே அதற்குக் காரணம் என்றும் ஷாண்டே பிற்காலத்தில் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் மனத்தை உறுத்துவது, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டிய கட்டாயம் அந்த நடுவருக்கு இல்லை என்பதே. எழுத நேர்ந்திருந்தால், அவர் ஒன்று பொய் சொல்லியிருக்க வேண்டும், அல்லது வெட்கி எண்ணை மாற்றியிருக்க வேண்டும். இரண்டாண்டு கழித்துக் கூல் மோ டீ தம்முடைய இசைத்தட்டு ஒன்றோடு, தம் காலத்து ராப் கலைஞர்கள் பலருக்குப் பல தலைப்புகளில் மதிப்பெண் இட்ட பள்ளிக்கூட அட்டை போன்ற ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். மிக உயர்ந்த தரம் பெற்ற சிலருள் அவரும் ஒருவர். எண்களுக்கு எதையும் மறைத்துவைக்கும் வல்லமை உண்டு.

எழுத்துப் போட்டி இந்தக் குறைகளுக்கெல்லாம் பரிகாரமாக அமைந்திருக்கக் கூடியது. குரலின் கம்பீரமோ, உடலின் தோற்றமோ, ஆணா பெண்ணா என்பதோ, ஊர் நண்பர்களின் கூச்சலோ அங்கே குறுக்கிட வழியில்லை. வரிகள் கண்ணெதிரே நிற்கின்றன. ஒரு முறைக்கு நான்கு முறை வாசிக்கலாம். ஜெர்மனியில் ‘ரைம்லீகா’ என்ற இணைய அரங்கு எழுத்துக்கும் ஒலிக்கும் தனித்தனிப் போட்டிகள் நடத்தியதற்குக் காரணம், இவை இரண்டும் வெவ்வேறு திறமைகள் என்ற தெளிவாகத்தான் இருக்க வேண்டும். ஆயினும் இத்தனை அனுகூலமும் கிடைத்த நடுவர்களிற் பலர், பெயரைப் பார்த்து, ‘இவருக்கே என் வாக்கு, சுலபமான வெற்றி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போகிறார்கள்.

நடுவர் எதை எடைபோட வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வுலகில் ‘மல்டி’ என்று ஒரு பிரயோகம் உண்டு. வரியின் இறுதி அசை மட்டும் ஒத்தொலிப்பதோடு நில்லாமல், மூன்று, நான்கு, சில வேளை ஏழெட்டு அசைகள் தொடர்ச்சியாக அடுத்த வரியிலும் அதே ஓசையில் விழும்படி அமைப்பது அது. ரக்கிம், பிக் டாடி கேன், கூல் ஜி ராப் முதலியோர் 1980-களின் பிற்பகுதியில் இயைபை வரியின் இறுதியிலிருந்து விடுவித்து உள்ளெங்கும் பரப்பியதன் தொடர்ச்சி என்று இதைக் கொள்ளலாம். உழைப்பு மிகுந்த அழகு, சந்தேகமில்லை. ஆனால் இதை எண்ணிவிட முடியும், அங்கேதான் ஆபத்து. எண்ணக்கூடியதை எண்ணிவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நினைக்கும் நடுவர், சேலையின் இழைகளைக் கணக்கிட்டுவிட்டு அதன் அழகைச் சொல்லிவிட்டதாக நினைப்பவருக்கு ஒப்பாவார். ஓசைக்காகப் பொருளை வளைத்து, எவரும் பேசாத ஒரு சொற்றொடரைச் செயற்கையாகப் புகுத்திய மல்டி பலமன்று, பலவீனம். அதைப் பலவீனம் என்று பெயரிட்டுச் சொல்லும் துணிவு நடுவருக்கு வேண்டும்.

எண்ணமுடியாதவை இரண்டு. ஒன்று பஞ்ச்: முதல் வரி சாதுவாக ஒரு பொருளை எதிர்பார்க்கவைத்து, அடுத்த வரி அந்த எதிர்பார்ப்பைத் திருப்பி அடிக்கும் இடம். காளமேகத்தின் சிலேடைகளைச் சுவைத்துப் பழகிய நம்மவர்க்கு இதன் ருசியை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. மற்றொன்று, என் மதிப்பில் எல்லாவற்றினும் மேலானது, ‘பர்சனல்’ என்று அவர்கள் சொல்வது: இந்த எதிராளிக்கே உரிய, வேறு எவருக்கும் பொருந்தாத தாக்குதல். ‘உனக்கு எழுதத் தெரியாது’ என்று ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். ‘சென்ற சுற்றில் நீ எழுதிய மூன்றாம் உவமையே இந்தச் சுற்றில் உன்னைக் காட்டிக்கொடுத்தது’ என்பதை ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும். இயந்திரங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் இயைபு கோத்துத் தரும் இக்காலத்தில் இந்த அளவுகோலுக்கு மதிப்புக் கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை. எதிராளியை உண்மையிலேயே வாசித்தவனின் வரியில் அவ்வாசிப்பின் தடயம் இருந்தே தீரும்.

வசையின் கடுமையைக் கண்டு முகஞ்சுளிக்கும் நடுவர் இவ்வாசனத்துக்கு உரியவரல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பின அமெரிக்கரிடையே தலைமுறைகளாக ‘டஸன்ஸ்’ என்னும் வசை விளையாட்டு ஒன்று உண்டு. அதில் ஏசப்பட்டவன் கோபம்கொண்டு கையோங்கினால் தோற்றவனாவான், இன்னும் கூர்மையான ஏச்சைத் திருப்பித் தந்தால் வென்றவனாவான். அந்த மரபிலிருந்து வந்த கலைக்கு மரியாதைப் பண்பாட்டை அளவுகோலாக்குவது முறையன்று. எதிராளியின் வீட்டு முகவரியையோ, அவன் குடும்பத்தின் அண்மைத் துக்கத்தையோ வெளியிடுகிறவனை மட்டும் போட்டியிலிருந்தே நீக்கிவிட வேண்டும். அது வசைக்கவி ஆகாது.

இனி, உச்சரிப்பு. இங்கேதான் நல்ல நடுவர்களும் இடறுகிறார்கள். ‘சாஸ்’ என்ற சொல்லும் குதிரையைக் குறிக்கும் ‘ஹார்ஸ்’ என்ற சொல்லும், ஈற்றயல் ரகரத்தை ஒலிக்காத ஆங்கிலேயர் பலரின் வாயில் சுத்தமான இயைபு. ரகரத்தை அழுத்தி ஒலிக்கும் டெட்ராய்ட்டுக்காரர் காதில் அவை சேரவே சேரா. ஆங்கிலத்தில் ‘ஆரஞ்சு’ என்ற சொல்லுக்கு இயைபே இல்லையென்று காலங்காலமாகச் சொல்லிவந்ததை, 2010-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ராப் பாடகர் எமினெம் மறுத்து, சொல்லை உச்சரிக்கும் விதத்தைச் சற்று வளைத்தால் கதவின் கீலைக் குறிக்கும் ‘டோர் ஹிஞ்ச்’ முதற்கொண்டு பல சொற்கள் அதனோடு இயைந்துவிடும் என்று அங்கேயே செய்தும் காட்டினார். பாடகன் குரலால் வளைத்துக் காட்டலாம். எழுதுகிறவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஆகையால் தம் செவியில் இயைபு விழவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மதிப்பைக் குறைக்குமுன், எழுதியவன் எவ்வூரான், அவன் வாய் அச்சொல்லை எப்படி ஒலிக்கும் என்று ஆராய்வது நடுவரின் கடமை. இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாத தீர்ப்பில் நடுவரின் ஊர்க்காரன் எப்போதும் வெல்வான்.

உச்சரிப்பைப் போலவே எழுதும் வரிசையும் தீர்ப்பைச் சாய்த்துவிடும்: முந்தி எழுதியவரின் வரிகளைப் பார்த்துப் பிந்தி எழுதுகிறவர் அவற்றுக்கே மறுமொழி சொல்லி எளிதில் மேம்பட்டுவிடுகிறார். இருவர் வரிகளையும் பொதுவான ஒருவர் பெற்று ஒரே கணத்தில் வெளியிடுவதுதான் இதற்கு மருந்து.

இப்போட்டிகளில் வாக்களிப்பவர்கள் பெரும்பாலும் பக்கத்து ஆட்டத்தில் போட்டியிடுபவர்களே என்பதால், நீ எனக்கு, நான் உனக்கு என்ற வாக்குப் பரிவர்த்தனை தழைத்துவிடுகிறது. தீர்ப்பு வரும்வரை எழுதியவர் ஊரை மட்டும் காட்டிப் பெயரை மறைத்துவைப்பது இதை ஓரளவு தடுக்கும். நடையைக் கொண்டே ஆளை அடையாளம் கண்டுகொள்ளும் தேர்ந்த வாசகர்கள் இருக்கிறார்களாதலால் முழுவதும் தடுக்காது. மேலும், பெயரின் பாரம் நண்பர்களை மட்டுமன்றி நேர்மையானவர்களையும் அழுத்துகிறது. 1997-இல் சின்சினாட்டியின் ‘ஸ்கிரிபிள் ஜாம்’ போட்டியின் இறுதிச் சுற்றில் எமினெம், ஜூஸ் என்பவரிடம் தோற்றார். அவருடைய பிற்காலப் புகழின் வெளிச்சத்தில் அந்தத் தீர்ப்பை இன்று புரட்டிப் பார்த்துப் பழிப்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் நடுவர்களின் வேலையை அறியாதவர்கள். அன்று மேடையில் சொல்லப்பட்ட சொற்கள் எவையோ அவற்றுக்குத்தான் அன்றைய தீர்ப்பு. நாளை மாபெரும் கலைஞனாகப்போகிறவன் இன்று சோம்பலாக எழுதியிருந்தால் இன்று அவன் தோற்க வேண்டும்.

ஊதியமில்லாமல் உழைக்கும் நடுவர்களிடம் இவ்வளவு கேட்பது தகுமா என்று ஆட்சேபிக்கலாம். நான் கேட்பது நான்கு வாக்கியங்கள். ‘ஐந்தாம் வரியின் சிலேடை இவ்வாட்டத்தின் சிறந்த அடி, இரு பொருளும் எதிராளியையே சுடுகின்றன. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மல்டிக்காகப் பொருள் தளர்ந்துவிட்டது. மற்றவருடைய பதினாறில் பத்து வரிகள் எவருக்கும் அனுப்பக்கூடியவை. ஆகவே முதலாமவருக்கு, சிறிய வித்தியாசத்தில்.’ பதினாறு வரிகளைக் கவனமாக வாசித்தவருக்கு இதை எழுத ஐந்து நிமிஷம் போதும். எழுத முடியாதவர் வாசிக்கவில்லை. தோற்றவன் இதை வைத்துக்கொண்டு வாதாடலாம். தன் ஏழாம் வரியிலிருந்த மறைபொருளை நடுவர் பிடிக்கவில்லையென்று காட்டலாம். காட்டிவிட்டால், நடுவர் அதைத் தம் குறிப்பின் கீழே அனைவரும் காண ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். அறிவித்த முடிவை மட்டும் மாற்றக்கூடாது, ஏனெனில் அடுத்த சுற்றின் ஆட்டம் அதற்குள் தொடங்கியிருக்கும்.