குளிரில் முரண்டு பிடிக்கும் கார்

தை மாதத்தில் ஊட்டியில் தங்கியிருக்கிறீர்களா, சகோதரிகளே? விடியற்காலையில் புல்வெளியெல்லாம் உப்புத் தூவியது போல் வெளுத்திருக்கும். போர்வையை விட்டு எழுந்திருக்க நமக்கு மட்டுமா மனம் வராது? வீட்டிலுள்ள பழைய காருக்கும் அப்படித்தான்!

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குழந்தைக்கு நல்ல ஜுரம். டாக்டரிடம் போகவேண்டும். அத்தான் சாவியைத் திருப்பினார். கார் ஒரு முனகல் முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"கார்புரேட்டர் போய்விட்டது. கழற்றினால்தான் சரிப்படும்" என்றார் அத்தான்.

"நீங்கள் சாவியைத் திருப்பும்போதெல்லாம் முன்விளக்கு மங்குகிறதே! பாட்டரியைப் பாருங்களேன்" என்றாள் அக்கா.

பார்த்தால், பாட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது! முதலில் மைனஸ் கம்பியையும் பிறகு மற்றதையும் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் முனைகளைக் கழுவித் துடைத்து இறுக்கினார்கள். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

காரணம் இதுதான். உறைபனிக் குளிரில் பாட்டரியின் பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எண்ணெயும் கெட்டிப்படுவதால் இன்ஜினைச் சுழற்ற அதிக பலம் வேண்டியிருக்கும். வரவு குறைந்து செலவு கூடினால் எந்தக் குடும்பந்தான் தாங்கும்?

ஆகவே, பணத்தைச் செலவழிக்குமுன் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

முனகினால், அல்லது 'டிக்' என்று மட்டும் கேட்டால், பாட்டரியைப் பாருங்கள்.

சுறுசுறுப்பாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையா? குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. சோக்கை இழுத்துவிடுங்கள். பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அமுக்கிக்கொண்டு திருப்புங்கள். அப்போதும் மசியாவிட்டால் ஸ்பார்க் பிளக்குகளைச் சோதிக்கவேண்டும்.

கிளம்பி வெகுநேரமாகியும் சூடு காட்டும் முள் எழும்பவில்லையா? தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீரும் வேண்டாம். உறைந்தால் நூற்றுக்கு 9 பங்கு பருத்து இன்ஜினையே பிளந்துவிடக்கூடும். உறையாமல் காக்கும் கூலன்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. அன்று குளிருக்குப் பயந்து ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினைச் சூடாக்கப் பார்த்தார் அத்தான். அக்கா ஓடிப்போய்க் கதவை விரியத் திறந்து, காரை வெளியே எடுக்கச் சொன்ன பிறகுதான் குழந்தையுடன் ஏறினாள். கார்ப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் நிமிஷங்களில் உயிரைக் குடித்துவிடும்.

குழந்தை இப்போது சௌக்கியம். அத்தானோ, கார் முனகினால் இன்றும் முதலில் அக்காவைத்தான் கூப்பிடுகிறார்!