மார்பில் ஒரு சக்கரம்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் முகாமிடும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்தம் மார்பை ஒரு சின்னம் அணி செய்கிறது. 1969இல் தோன்றிய இத்திட்டத்தின் சின்னம், கொணாரக் கோயிலின் தேர்ச் சக்கரத்தைத் தழுவியது. அதன் 8 ஆரங்கள் நாளின் 24 மணி நேரத்தையும் குறிப்பன. எந்நேரமும் தொண்டுக்கு அணியமாயிரு என்பதே பொருள். தொண்டாற்றும் பொழுதில் அதனை அணிதல் நெறி.

அச்சின்னத்தின் அருகே கட்சி, சாதி, சங்க அடையாளங்களையும் குத்திக்கொள்ளல் தகுமோ? தகாது என்பேன். காப்பித் தோட்டத்தில் உழைத்து மீளும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர், பல சின்னங்களைக் கண்டால் ‘இவர்கள் யாருக்காக வந்தனர்?’ என ஐயுறுவார். ஐயம் புகுந்த இடத்தில் தொண்டு நிலைக்காது. ‘நானல்ல, நீ’ என்பதன்றோ திட்டத்தின் முழக்கம்! ‘நான்’ என்று கூவும் வேறு சின்னத்திற்கு அங்கு இடமேது?

மாணவ நண்பர்களே! சின்னம் ஒன்றே போதும். சிறப்பைச் செயல் சேர்க்கட்டும்.