காணாமல் போனவர்களும் கண்டுபிடித்துவிடுகிறவர்களும்

துப்பறியும் நாவல்களை இலக்கியமல்ல என்று சிறுபத்திரிகைக்காரர்கள் ஒதுக்கிவைத்தது சரி. அதற்குச் சொன்ன காரணங்கள்தான் தவறு. மேனாட்டுச் சரக்கு, வெறும் பொழுதுபோக்கு, முடிச்சு அவிழ்ந்தபின் இரண்டாம் முறை படிக்க முடியாதது என்றெல்லாம் சொன்னார்கள். இவற்றில் ஒன்றும் தேறாது. நாவல் என்பதே மேனாட்டுச் சரக்குதான். இரண்டாம் முறை படிக்க முடியாத 'இலக்கிய' நாவல்கள் என் அலமாரியிலேயே ஒரு தட்டு நிறைய இருக்கின்றன.

இன்று காற்று திசைமாறிவிட்டது. 2008இல் சென்னையின் ப்ளாஃப்ட் பதிப்பகம் நம் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டது. அந்தத் தொகுப்போடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஆங்கிலத்தில் பார்த்த பிறகுதான் நம்மவர்களில் சிலருக்கு இது 'மக்கள் இலக்கியம்' என்று தெரியவந்திருக்கிறது. எந்த மக்கள்? அதைத்தான் கேட்கிறேன்.

ஆள் காணாமல் போவதும் அவரைத் தேடுவதும் தமிழ் மர்ம நாவலின் ஆதி சரக்கு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா புருஷன் வீட்டிலிருந்து அபகரித்து விற்கப்படுகிறாள். அவருடைய திகம்பர சாமியார் போலீஸ் உத்தியோகஸ்தரல்ல, துறவி. ஆனால் எல்லாம் அறிந்தவர், எங்கும் நுழைபவர். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படத்தில் எம். என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு அவரை நிரந்தரமாக்கினார். இந்தச் சாமியாரைத் துப்பறிபவர் என்பது மரியாதைக்காகத்தான். கோயிலில் முறையிட்டும் கிடைக்காததைக் கொண்டுவந்து கொடுக்கும் சில்லறைத் தெய்வம் அவர். அவர் மீட்பதும் மனுஷியை அல்ல. களவு போன நகை பங்கமில்லாமல் திரும்பியதா என்று உரசிப் பார்ப்பதுபோல, மேனகாவின் கற்பு பத்திரமாக இருப்பதை நிரூபிக்கத்தான் நாவல் அவ்வளவு பாடுபடுகிறது. அவள் என்னவானாள் என்பதல்ல, உடைமை உரியவனிடம் சேர்ந்ததா என்பதே கேள்வி.

தேவனின் சாம்பு மட்டும் விதிவிலக்கு. 1942இல் ஆனந்த விகடனில் புறப்பட்ட இந்த அசட்டு ஆசாமி ஒரு பாங்கு குமாஸ்தா. நானும் அதே ஜாதி என்பதால் சலுகை காட்டுவதாக நினைக்க வேண்டாம். சாம்புவுக்கு ஒன்றும் தெரியாது. தடுக்கி விழுகிறான், விழுந்த இடத்தில் விடை கிடக்கிறது. ஒருவரைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தற்செயல் என்ற உண்மையை, சங்கர்லால் முதல் இன்றைய ஜோடித் துப்பறிவாளர்கள் வரை எவரும் ஒப்புக்கொள்ளாத உண்மையை, தேவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஆனால் சாம்புவும் கடைசியில் கண்டுபிடித்துத்தான் விடுகிறான். அங்கே தேவனும் மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறார்.

ஸுஜாதாவின் கணேஷும் வஸந்தும் வந்தபிறகு மொழி சுறுசுறுப்பாயிற்று. காணாமல் போனவரின் நிலைமை மாறவில்லை. அவர் ஒரு சாக்கு. ஹீரோவின் மூளையைத் தீட்டிக்கொள்ள ஒரு சாணைக்கல். பாக்கெட் நாவல்களின் பூகோளத்தையும் கவனித்தால் விஷயம் விளங்கும். கடத்தப்படுகிறவள் அடையாற்றுக்காரி. அவளைக் கட்டிப்போடும் கிடங்கு ராயபுரத்தில். பிணம் ஒதுங்குவது எண்ணூரில். வடசென்னை என்றால் ஆளை ஒளித்துவைக்க ஓர் இடம், அவ்வளவே. வடசென்னையிலிருந்தே ஆட்கள் காணாமல் போவார்கள் என்பது இவர்கள் கற்பனைக்கு எட்டியதில்லை.

போகிறார்கள். 2020 ஜூலையில் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போன ஒரு படகு, ஐம்பது நாளுக்கு மேல் தகவலின்றி இருந்து, கடைசியில் மியான்மர் கரையில் கிடைத்தது. அதைக் கிடைக்கச் செய்தது எந்தத் துப்பறிவாளனுமல்ல, நீரோட்டம். அந்த ஐம்பது நாளும் கரையில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது? நாவலுக்கு இடம் அங்கேதான் இருக்கிறது. நம் மர்மக் கதையில் அதற்கு ஒரு வாக்கியம்: 'தாய் கதறினாள்.' அடுத்த அத்தியாயத்தில் கார் சீறிப்பாயும்.

இந்தப் பகுதியில் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிந்த தேடல் வேறு மாதிரியானது. காணாமல் போனவனின் சேமிப்புக் கணக்கிலுள்ள பணத்தை எடுக்க மனைவி வருகிறாள். 2008இல் ரிசர்வ் வங்கி ஒரு வழிமுறை சொன்னது. பாங்கு தனக்கென்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம் என்றது. அதற்குட்பட்ட தொகைக்கு முதல் தகவல் அறிக்கை, ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் அறிக்கை, ஈட்டுறுதிக் கடிதம், இவை போதும் என்றது. இரண்டாவது காகிதத்தைக் கவனியுங்கள். கண்டுபிடித்ததற்கு அல்ல, கண்டுபிடிக்காததற்கு அத்தாட்சி. அந்தத் தோல்வியை எழுத்தில் வாங்க அவள் எத்தனை நாள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள் என்பதற்குக் கணக்கில்லை. தமிழ் துப்பறியும் நாவல் எழுதத் துணியாத ஒரே முடிவு அந்தக் காகிதத்தில் இருக்கிறது. அசல் அமெச்சூர் துப்பறிவாளர் அவள்தான். அவளுக்கு சிஷ்யனும் கிடையாது, தொடர்கதையும் கிடையாது.

சட்டமும் மர்ம நாவலைவிட நேர்மையாக இருக்கிறது. ஏழு வருஷம் தகவலில்லாதவன் உயிரோடிருக்கிறான் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய சட்டத்தில் அது 111ஆம் பிரிவு. இதை வைத்து ஒருவன் இறந்துவிட்டதாக அனுமானிக்கலாமே தவிர, எப்போது இறந்தான் என்று அனுமானிக்க முடியாது என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மர்ம நாவலாசிரியர் மரணம் நிகழ்ந்த நிமிஷத்தைக் கைக்கடிகாரத்தில் காட்டுகிறார். சட்டம் தனக்குத் தெரியாது என்கிறது. இரண்டில் எது கலைக்கு அருகில் இருக்கிறது?

மொழிக்கு வருவோம். 'காணவில்லை' என்பது சுவரொட்டியின் சொல். அதில் செயல் தேடுகிறவருடையது, பார்க்கிறோம், அகப்படவில்லை. 'காணாமல் போனார்' என்றதும் பொறுப்பு போனவர் தலையில் ஏறிவிடுகிறது. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்துக்கு உட்கார்ந்த தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைக் 'காணாமல் ஆக்கப்பட்டவர்கள்' என்றார்கள். ஒரு வினையை மாற்றியதில், செய்தவன் ஒருவன் இருக்கிறான், அவன் பதில் சொல்ல வேண்டும் என்பது வந்துவிட்டது. நூறு வருஷமாக ஆட்கடத்தலை எழுதித் தள்ளிய நம் நாவலாசிரியர்களுக்கு இந்த ஒரு சொல் வாய்த்ததா? அவர்களுடைய வில்லன் தனியாள். கடைசிப் பக்கத்தில் விலங்கு மாட்டியதும் வாசகர் தூங்கப் போகலாம். அரசும் ராணுவமும் குத்தகைக்காரனும் கடலும் வில்லன்களாக முடியாத கதை அது.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1941 டிசம்பர் 31ஆம் தேதியிட்ட பாரீஸ் பத்திரிகையில் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தியைக் காணவில்லை என்று வந்த விளம்பரத்தைப் பிரெஞ்சு எழுத்தாளர் பத்ரிக் மோதியானோ பிற்பாடு பார்க்கிறார். தேடுகிறார். தெருக்கள், பள்ளிப் பதிவேடுகள், போலீஸ் கோப்புகள். அவள் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டது தெரியவருகிறது. வீட்டைவிட்டு ஓடியிருந்த நாட்களில் எங்கே இருந்தாள் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. 1997இல் வெளிவந்த 'டோரா ப்ரூடர்' அந்த இடைவெளியை நிரப்ப மறுக்கிறது. அந்த மறுப்பினால்தான் அது இலக்கியம்.

1945இல் எட்மண்ட் வில்ஸன், ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். கேள்வி போதாது. யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். இதைப் பாக்கெட் நாவல்காரர்களிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போவதும் அயோக்கியத்தனம். அவர்கள் கண்டுபிடித்துவிட்டதாகப் பொய்யாவது சொன்னார்கள். 'அந்நியமாதல்', 'இருப்பின் வெறுமை' என்று பக்கம் பக்கமாக எழுதிய நம் சிறுபத்திரிகை நாவல்களில் எத்தனை ஆட்கள் தங்களையே தொலைத்துத் தேடினார்கள்! திருவொற்றியூர் குப்பத்தில் நிஜமாகவே தொலைந்தவனைத் தேடிப் போனவர் எவர்? மர்ம நாவல் காணாமல் போனவனைச் சாக்காக்கியது. நாம் அவனை உருவகமாக்கினோம். இரண்டாலும் அவன் வீட்டுக் கதவு திறக்கவில்லை.